சொந்தமாகக் கட்டிய காடிக்குக் கழற்றி மாட்டும் ஏர்கோன்: காற்றுத் துளை முதல் ஐஸ் பெட்டி வரை

பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் கையால் கட்டிய காடிகள் பல தினுசு. இரும்புக் குழாயில் சட்டம் கட்டித் தகரம் போர்த்திய பக்கி, பழைய லேண்ட் ரோவர் சேசிஸ் மேல் புதிதாக வளைத்த உடல், கான்சில் எஞ்சினைப் பின்னால் வைத்த இரண்டு இருக்கை வண்டி. எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: ஏர்கோனுக்கு இடமே விட்டிருக்க மாட்டார்கள். கம்ப்ரசர் மாட்டப் பிராக்கெட் கிடையாது, டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சாண் இடம் கிடையாது, ஆல்டர்னேட்டரோ 35, 40 ஆம்பியரில் நிற்கும்.

அப்படிப்பட்ட இரண்டு இருக்கைக் காடிக்குத்தான் இந்த வழிகாட்டி. வெயில் நாளில் மாட்டிக்கொண்டு, சேற்றில் ஓட்டப் போகும்போது பத்து நிமிடத்தில் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். வேலை மூன்று கட்டம். வெப்பத்தை உள்ளே விடாமல் தடுப்பது முதலாவது. புகுந்ததைக் காற்றால் வெளியே தள்ளுவது இரண்டாவது. இவை இரண்டும் முடிந்த பிறகுதான் குளிர்ச்சி. பலரும் மூன்றாவதில் தொடங்குகிறார்கள். மூட்டை ஐஸ் அரை மணி நேரத்தில் தண்ணீராகிப் போவது அதனால்தான்.

தொடங்கும் முன் ஒன்று. சாலையில் ஓடும் பதிவு பெற்ற காடியென்றால், உடலையோ கூரையையோ வெட்டுவதற்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வேண்டும். ஐஸ் பெட்டிக்குத் தரையில் போல்ட்டுக்கும் வடிகுழாய்க்கும் சின்னத் துளைகள் போதும், வெட்டு வேலை காற்றுத் துளைகளுக்கு மட்டும்தான். பதிவில்லாத பக்கியைத் தோட்டத்து மண் சாலையில் ஓட்டுவதென்றாலும் நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டு ஓட்டுங்கள்.

நமக்கு ஆகாத இரண்டு வழிகள்

இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது நனைந்த மெத்தை வழியாகக் காற்றை ஊதும் கூலர். வறண்ட பாலைவன ஊர்களில் அது அருமையாக வேலை செய்யும். பேராக்கின் பிற்பகல் அப்படியில்லை. வெப்பம் 33 டிகிரி, ஈரப்பதம் 65 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு) ஏறக்குறைய 27 டிகிரி. எவ்வளவு நல்ல கூலரும் காற்றை அதற்குக் கீழே இறக்க முடியாது. கையால் செய்தது 29-இல் நின்றுவிடும். அந்தக் காற்று நீராவி நிறைந்து வருவதால் உடம்பில் வேர்வை காயாது. வேர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? கொஞ்ச நேரத்தில் முன்பிருந்ததைவிடப் புழுக்கம் கூடிவிடும், கண்ணாடியும் மூடிக்கொள்ளும். பசார் மாலாமில் விற்கும் தண்ணீர் ஊற்றும் ‘மினி ஏர்கோன்’ எல்லாம் இதே சாமான்தான், வாங்காதீர்கள்.

இன்னொன்று உலர் பனி. ஒரு கிலோ உலர் பனி ஆவியானால் அரை கன மீட்டருக்கு மேல் கரியமில வாயு. இரண்டு இருக்கைக் கேபினின் கொள்ளளவே 2.5 கன மீட்டர்தான் இருக்கும். ஓட்டுபவர் மயங்கிச் சாய்வதற்கு அதில் ஒரு பகுதியே போதும். இதைச் செய்யவே கூடாது.

வெப்பம் வரும் வாசல்களை மூடுவது

பிற்பகல் வெயிலில் நிற்கும் சிறிய காடிக்குள் கண்ணாடி, கூரை, எஞ்சின் மூன்றும் சேர்ந்து சுமார் 1 கிலோவாட் வெப்பத்தை இறக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அதில் பாதியைத் தடுத்துவிட்டால், அடுத்து வாங்கும் ஒவ்வொரு சாமானும் பாதி அளவில் போதும்.

எக்சாஸ்ட்டில் தொடங்குங்கள். கையால் கட்டிய காடிகளில் அது பெரும்பாலும் இருக்கைக்கு நேர் கீழே போகும். 1 மி.மீ. அலுமினியத் தகட்டை வளைத்துக் குழாய்க்கும் தரைக்கும் நடுவில் மாட்டுங்கள்: குழாயிலிருந்து 20 மி.மீ., தரையிலிருந்து 10 முதல் 15 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். தகட்டைத் தரையோடு ஒட்டி ரிவெட் அடித்துவிட்டால் பயனில்லை. சூடு தகட்டில் ஏறி அப்படியே தரைக்குப் போய்விடும். நடுவில் இருக்கும் காற்றுதான் உண்மையான தடுப்பு.

தரை, கியர் டனல், ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுச்சுவர்) உள்பக்கம் மூன்றுக்கும் தண்ணீர் உறிஞ்சாத 10 மி.மீ. ஃபோம் ஒட்டுங்கள். சோபாவில் வைக்கும் ஸ்பஞ்ச் வேண்டாம். ஒரு மழைக்கு நனைந்து, அடியில் துருவை வளர்க்கும்.

கூரைக்கு வெள்ளைச் சாயம் அடித்தாலே வித்தியாசம் கையில் தெரியும். அதைவிட நல்லது இரட்டைக் கூரை. வெப்ப நாடுகளுக்கென்று பழைய லேண்ட் ரோவர்களில் வந்த அமைப்பு இது: கூரைக்கு மேல் ஒரு விரல் உயரத்தில் இன்னொரு தகடு, முன்னும் பின்னும் திறந்தபடி. வெயில் மேல் தகட்டைச் சுடும், நடுவில் ஓடும் காற்று சூட்டை எடுத்துப் போய்விடும். 1.5 மி.மீ. அலுமினியத் தகடு, 30 மி.மீ. ரப்பர் முட்டு, ஆறு போல்ட் போதும். இதுவும் கழற்றக்கூடியதுதான்.

கண்ணாடிக்கு வெப்பம் தடுக்கும் ஃபிலிம் ஒட்டுவதென்றால் முன் கண்ணாடியில் 70 விழுக்காடு, முன் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடு வெளிச்சம் புகவேண்டும் என்பது விதி. ஃபிலிம் கறுப்பாக இருப்பதால் வெப்பம் தடைபடுவதில்லை. அகச்சிவப்பை எத்தனை விழுக்காடு தடுக்கிறது என்று கேட்டு வாங்குங்கள்.

ஊதுபத்திச் சோதனை

இந்த ஒரு வேலையை மட்டும் யாரும் தாண்டிப் போகக்கூடாது. ஃபயர்வாலில் வயர் போகும் துளை, கிளட்ச் கேபிள் துளை, ஸ்டீரிங் தண்டு இறங்கும் இடம், பழைய பெடல் பிராக்கெட்டை எடுத்த இடத்தில் மிஞ்சிய போல்ட் ஓட்டைகள் எல்லாமே எஞ்சின் சூட்டுக்கும் எக்சாஸ்ட் புகைக்கும் வழி. முதலில் இரவில், எஞ்சினை அணைத்துவிட்டு, பானட்டுக்குள் நல்ல வெளிச்சமான டார்ச்சை வைத்து மூடுங்கள். கேபினுக்குள் உட்கார்ந்து டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தால் வெளிச்சப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றையும் சாக்பீஸால் வட்டமிட்டு வையுங்கள்.

வயர் துளைக்கு ரப்பர் குரோமெட், சின்ன ஓட்டைக்குச் சூடு தாங்கும் சிலிகான், பெரிய ஓட்டைக்குத் தகடும் ரிவெட்டும். அடைத்து முடித்ததும் ஊதுபத்தியைக் கொளுத்தி, ஜன்னல்களை மூடி, காற்று விசிறியை (அடுத்த பகுதியில் வரும் புளோவர்) ஓடவிட்டு, பத்தியை ஒவ்வொரு மூட்டுக்குப் பக்கத்திலும் இரண்டு விரல் தூரத்தில் பிடியுங்கள். புகை நேராக எழுந்தால் அடைபட்டிருக்கிறது. ஓட்டையை நோக்கிச் சாய்ந்தால் காற்று வெளியே போகிறது. அது சிறு குறை. புகை உங்கள் முகத்தை நோக்கித் தள்ளப்பட்டால் வெளியிலிருந்து காற்று வருகிறது என்று அர்த்தம். அந்த ஓட்டையை அடைக்காமல் காடியை எடுக்காதீர்கள், ஏனென்றால் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது நிறமும் கிடையாது. பேட்டரியில் ஓடும் மோனாக்சைடு அலாரம் ஒன்றை இருக்கைக்குப் பின்னால் மாட்டிவிடுங்கள்.

கூரையில் உறிஞ்சும் விசிறியை மட்டும் மாட்டிவிட்டு நிறுத்திக்கொள்வது ஆபத்து என்பதும் இதனால்தான். அது கேபினுக்குள் அழுத்தத்தைக் குறைக்கும். எந்த ஓட்டை கிடைக்கிறதோ அது வழியாகப் புகையை இழுக்கும். விசிறி எப்போதும் வெளிக்காற்றை உள்ளே தள்ளவேண்டும். உள்ளே இருப்பது தானாக வெளியேறட்டும்.

எவ்வளவு காற்று, எங்கே துளை

உள்ளே இறங்கும் 1 கிலோவாட் வெப்பத்தைக் காற்றால் மட்டும் வெளியேற்றி, கேபினை வெளியைவிட 5 டிகிரி மட்டும் கூடுதலாக வைத்திருக்க மணிக்கு ஏறக்குறைய 620 கன மீட்டர் காற்று தேவை. மணிக்கு 150 கன மீட்டர்தான் வருகிறதென்றால் உள்ளே 20 டிகிரி கூடிவிடும். வெப்பத்தை முன்கூட்டியே பாதியாக்கியிருந்தால் 310 கன மீட்டரில் அதே 5 டிகிரி கிடைக்கும். ஃபோம் ஒட்டச் சோம்பல்படுகிறவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

கணினி விசிறிகளை வரிசையாக மாட்டுவதும் வழக்கமாகிவிட்டது. திறந்த வெளியில் அவை நன்றாக ஊதும். குழாயும் ஃபில்டரும் வைத்த உடனே காற்று நின்றுவிடும், ஏனென்றால் அவற்றுக்குத் தள்ளும் அழுத்தம் கிடையாது. தேவை அணில் கூண்டு போன்ற புளோவர். ஹாஃப் கட் கடையில் (பாதியாக வெட்டிய பழைய காடிகளின் சாமான் விற்கும் கடை) ஏதாவது சிறிய ஜப்பானியக் காடியின் ஏர்கோன் புளோவரைக் கேளுங்கள். அதன் ரெசிஸ்டரையும் பிளக்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டால் மூன்று வேகம் தானாகக் கிடைத்துவிடும். வாங்குமுன் பேட்டரியில் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். உருளைக்குள் சருகு சிக்கிய சத்தம் என்றால் சுத்தம் செய்துவிடலாம், தேய்ந்த புஷ் கீச்சிட்டால் விட்டுவிடுங்கள்.

ஓடும் வேகத்தால் காற்று தானாக வருமே என்று நினைக்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் முன்பக்கம் ஏறக்குறைய 160 பாஸ்கல் அழுத்தம் கிடைக்கும். வேகம் பாதியானால் அழுத்தம் கால்பங்கு. செம்பனை லோரிக்குப் பின்னால் 20-இல் ஊர்ந்தால் 18 பாஸ்கல்தான் மிஞ்சும், ஒரு ஃபில்டரைத் தாண்டக்கூட அது போதாது. ஆகவே தோட்டத்துச் சாலைக்குப் புளோவர் இல்லாமல் முடியாது.

துளை எங்கே என்பதை நூல் சொல்லும். எட்டு சென்டிமீட்டர் கம்பளி நூல் முப்பது துண்டு வெட்டி, பானட், முன் கண்ணாடியின் அடி, கூரை விளிம்பு, பின்புறம் என்று ஒரு முனையை டேப்பால் ஒட்டுங்கள். நேர் சாலையில் 40-இல் ஓட்டும்போது இன்னொருவர் பக்கத்துக் காடியிலிருந்து கைப்பேசியில் படம் எடுக்கட்டும். நூல் உடலோடு படிந்து பின்னோக்கி ஓடும் இடத்தில் காற்று வழுக்கிப் போகிறது. முன் கண்ணாடியின் அடியில் நூல் தளர்ந்து தன்னைத்தானே சுற்றும்; அங்கே காற்று முட்டி நிற்கிறது, அழுத்தம் அதிகம், உள்வரும் துளைக்கு அதுதான் இடம். பின் கண்ணாடியைச் சுற்றி நூல் எழுந்து ஆடும். அங்கே அழுத்தம் குறைவு, வெளியேறும் துளைக்கு ஏற்றது.

உள்வரும் துளை 4 அங்குலத்தில் இரண்டு. நேராகக் கேபினுக்குள் விடாதீர்கள். நாலு மணிக்கு இடி மழை வந்தால் மடியில்தான் தண்ணீர் விழும். துளைக்குக் கீழே 20 செ.மீ. ஆழத்தில் ஒரு தகரப் பெட்டி வையுங்கள். காற்று மேலிருந்து இறங்கி, பெட்டியின் பக்கச்சுவரில் உயரமாக இருக்கும் வாய் வழியாகக் கேபினுக்குப் போகட்டும். தண்ணீர் அடியில் விழுந்து 12 மி.மீ. குழாய் வழியாகச் சாலைக்குப் போய்விடும். அந்தப் பக்க வாயில் ஃபில்டரைப் பொருத்துங்கள். புதிய காடிகளின் கேபின் ஃபில்டர் ஒன்றை வாங்கி அதன் அளவுக்குச் சட்டம் செய்வது எளிது. ஃபில்டரின் பரப்பு குழாய் வாயைப்போல் மூன்று, நான்கு மடங்கு இருக்கட்டும். வெயில் காலத்துச் செம்மண் தூசியில் வாரம் ஒருமுறை தட்டித் துடைக்க வேண்டிவரும்.

வெளியேறும் துளைகளின் மொத்தப் பரப்பு உள்வருவதைவிடக் கால்பங்கு கூடுதலாக, கூரையை ஒட்டி, பின்பக்கம். ஒவ்வொன்றின் மேலும் லோரி டியூப் ரப்பரில் வெட்டிய மடலை மேல் ஓரம் மட்டும் ரிவெட் அடித்துத் தொங்கவிடுங்கள். உள்ளே அழுத்தம் இருக்கும்போது மடல் திறக்கும், நின்றால் மூடிக்கொள்ளும். ஓடும் காடியின் பின்னால் தூசியும் சொந்தப் புகையும் சுழன்றுகொண்டே இருக்கும். பின் ஜன்னலைத் திறந்து ஓட்டினால் அவை உள்ளேதான் வரும். ரப்பர் மடல் அதைத் தடுக்கிறது.

பல காடிகளுக்கு, காலை வேளைக்கும் மழை நாளுக்கும், இந்தக் காற்றோட்டமே போதும். இத்தோடு நிறுத்திக்கொண்டாலும் குறையில்லை.

ஐஸ் பெட்டி

கொள்கை எளியது. ஐஸ் தண்ணீரை ஒரு சின்ன பம்ப் ரேடியேட்டருக்குள் சுற்றவிடும். புளோவர் கேபின் காற்றை அந்த ரேடியேட்டர் வழியாக ஊதும். தண்ணீர் காற்றில் கலப்பதில்லை. மாறாக, குளிர்ந்த தகடுகளில் காற்றின் ஈரம் பனித்துளியாகப் படிந்து வடிந்துவிடும். கூலரோடு இதற்குள்ள வித்தியாசம் அதுதான்.

10 கிலோ ஐஸ் உருகி 15 டிகிரி தண்ணீராகும்வரை உறிஞ்சும் வெப்பம் ஏறக்குறைய 1.1 கிலோவாட் மணி. அரை கிலோவாட் வேகத்தில் செலவழித்தால் இரண்டு மணி நேரம் வரும். ஆலையில் வரும் காடி ஏர்கோன் 3, 4 கிலோவாட் தரும். ஆகவே இது கேபின் முழுவதையும் நடுங்கவைக்காது. இரண்டு பேரின் முகத்துக்கும் நெஞ்சுக்கும் குளிர்ந்த, ஈரம் குறைந்த காற்றைத் தரும். அந்த எதிர்பார்ப்போடு செய்தால் மனநிறைவு கிடைக்கும்.

வேண்டியவை:

– 40 முதல் 45 லிட்டர் ஐஸ் பெட்டி, தடித்த சுவர் உள்ளது
– ஹாஃப் கட் கடையிலிருந்து ஹீட்டர் கோர் (காடி ஹீட்டரின் சின்ன ரேடியேட்டர்) ஒன்று, சுமார் 15க்கு 20 செ.மீ.; கிடைக்காவிட்டால் யமாஹா எல்சி அல்லது ஒய் 15 மோட்டார் சைக்கிளின் ரேடியேட்டர்
– படகில் பயன்படுத்தும் 12 வோல்ட் பில்ஜ் பம்ப், மணிக்கு 500 கேலன் என்று எழுதியது
– உள்விட்டம் 12 மி.மீ. உள்ள வலுவூட்டிய குழாய் 4 மீட்டர், கிளிப் 8
– தோட்டக் குழாயின் சொடுக்கு இணைப்பு 2 ஜோடி, கழற்றினால் தண்ணீரை நிறுத்தும் வகை
– ஏர்கோன் செம்புக் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஸ்பஞ்ச், 13 மி.மீ. தடிப்பு, 4 மீட்டர்
– புளோவர் இரண்டாவது ஒன்று, அல்லது காற்றோட்டப் புளோவரையே திருப்பிவிடும் மடல்
– பெட்டி செய்ய 6 மி.மீ. பிளைவுட் அல்லது பிளாஸ்டிக் பலகை, ஃபோம் டேப்
– ராட்செட் வார் 2, எம் 8 போல்ட் 4, பெரிய வாஷர்

ஹீட்டர் கோரை வாங்கியதும் வாளித் தண்ணீரில் மூழ்கடித்து, ஒரு வாயை அடைத்து, மறுவாயில் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடியுங்கள். குமிழி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய கூலன்ட் உள்ளே இருக்கும். அது நஞ்சு, வடிகாலில் ஊற்றாமல் பட்டறையில் கொடுத்துவிட்டு, கோரைத் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள்.

அடுத்து காற்றுப் பெட்டி. புளோவர் முன்னால், கோர் பின்னால் என்ற வரிசையில், காற்றை கோர் வழியாகத் தள்ளும்படி வையுங்கள். மாற்றி உறிஞ்சும்படி வைத்தால் இரண்டு தொல்லை: ஈரக்காற்று மோட்டாருக்குள் போகும், வடிகுழாய் வெளிக்காற்றை இழுத்துத் துளிகளைக் கீழே இறங்கவிடாது. கோரின் நான்கு ஓரத்திலும் ஃபோம் டேப் ஒட்டி, பெட்டிச் சுவரோடு இறுக்கமாக உட்காரவையுங்கள். ஒரு விரல் இடுக்கு விட்டால் பாதிக் காற்று அதன் வழியாக நழுவிச் சூடாகவே வெளிவரும். ‘ஐஸ் போட்டும் குளிரவில்லை’ என்ற முறையீட்டில் பெரும்பகுதி இந்த இடுக்கில்தான் முடியும்.

கோரைக் கொஞ்சம் சாய்த்து, இரு வாய்களும் மேல்பக்கம் வரும்படி வைத்தால் உள்ளே சிக்கிய காற்று எளிதில் வெளியேறும். அடியில் ஒரு தட்டு, அதிலிருந்து 10 மி.மீ. வடிகுழாய் தரைக்கு வெளியே. ஒரு மணி நேரத்தில் கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் வடியலாம். குழாய் வைக்காவிட்டால் அது உங்கள் ஃபியூஸ் பெட்டியைத் தேடிப்போகும். வெளிவாய் 2.5 அங்குலத்தில் இரண்டு, ஆளுக்கொன்று, கண்ணாடியை நோக்காமல் நெஞ்சை நோக்கி.

ஐஸ் பெட்டியின் மூடியைத் துளைக்காமல், பக்கச்சுவரின் மேல்பகுதியில் இரு துளை போட்டு ரப்பர் குரோமெட்டோடு குழாயை நுழையுங்கள். மூடி எப்போதும்போல் கழன்று வரும். பம்ப் ஒரு மூலையில் அடியில். திரும்பி வரும் தண்ணீர் எதிர் மூலையில், ஐஸின் மேல் தூவலாக விழவேண்டும். இரண்டும் பக்கத்தில் இருந்தால் சூடான தண்ணீர் ஐஸைத் தொடாமலே மறுபடி பம்புக்குள் போய்விடும். பம்பைச் சுற்றி நெட்டுத் துணி (வலைத் துணி) கட்டினால் மூட்டை ஐஸில் வரும் குப்பை அடைக்காது.

பம்பிலிருந்து கோர் வரை குழாய் ஏறுமுகமாகவே போகட்டும், நடுவில் தொய்வு வேண்டாம். இந்த வகைப் பம்ப் காற்றுக் குமிழியைத் தள்ளாது, குமிழி சிக்கினால் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஓட்டம் நிமிடத்துக்கு 3 முதல் 5 லிட்டர் இருந்தால் தாராளம். திரும்பும் குழாயை ஒரு லிட்டர் போத்தலில் பிடித்துப் பாருங்கள்: 12 முதல் 20 வினாடிக்குள் நிறைந்தால் சரி.

எடையை மறக்கவேண்டாம். ஐஸும் தண்ணீரும் பெட்டியும் சேர்ந்தால் 20 கிலோவுக்குக் குறையாது. திடீரென்று பிரேக் போட்டால், பக்கி உருண்டால், கட்டாத பெட்டி முதுகில் வந்து மோதும். தரைத் தகட்டின் அடியில் பெரிய வாஷர் வைத்து நான்கு எம் 8 போல்ட்டால் கொக்கிகளை மாட்டி, இரண்டு ராட்செட் வாரைக் குறுக்காக இழுத்துக் கட்டுங்கள்.

ஐஸ் போடும் முறையும் முக்கியம். பம்ப் தண்ணீர் பிடிக்க முதலில் 4, 5 லிட்டர் ஊற்றவேண்டும். குழாய்த் தண்ணீர் 28 டிகிரியில் இருக்கும். அதில் 5 லிட்டர் மட்டுமே 1.7 கிலோ ஐஸைத் தின்றுவிடும். முந்தின இரவே பிரிட்ஜில் வைத்த தண்ணீரை ஊற்றுங்கள். டியூப் ஐஸ் சட்டென்று குளிர் தரும். 1.5 லிட்டர் போத்தல்களில் உறையவைத்தது மெதுவாகக் கரையும், குளிரும் மெதுவாகவே வரும். பாதிக்குப் பாதி கலப்பது நல்லது. உப்பு போடவே வேண்டாம். தண்ணீர் சுழியத்துக்குக் கீழே இறங்கி, கோரின் தகடுகளில் பனி பிடித்துக் காற்று வழியை அடைக்கும்; அலுமினியத்தையும் அரிக்கும்.

இனி மிக முக்கியமானது. ஐஸ் ஓடும்போது வெளிக்காற்றுத் துளையை ஏறக்குறைய மூடி, கேபின் காற்றையே திரும்பச் சுற்றவிடுங்கள். மணிக்கு 170 கன மீட்டர் வெளிக்காற்றை 33 டிகிரியிலிருந்து 18-க்கு இறக்க, ஈரத்தை வடிப்பதையும் சேர்த்து, 1.9 கிலோவாட் வேண்டும். 10 கிலோ ஐஸ் 35 நிமிடத்தில் முடிந்தது. 27 டிகிரிக்கு வந்துவிட்ட, ஈரம் குறைந்த கேபின் காற்றென்றால் அரை கிலோவாட்டே போதும். முழுக்க அடைக்காமல் பத்தில் ஒரு பங்கு புதுக்காற்று வந்துகொண்டிருக்கட்டும், மூச்சுக்கு அது தேவை. வெயிலில் நின்ற காடியை எடுக்கும்போது முதல் ஐந்து நிமிடம் துளைகளை முழுக்கத் திறந்து சூட்டை ஊதித் தள்ளிவிட்டு, பிறகு ஐஸுக்கு மாறுங்கள்.

மின்சாரம்

புளோவர் நடு வேகத்தில் 6 முதல் 8 ஆம்பியர், பம்ப் 2 ஆம்பியர். கிளாம்ப் மீட்டரால் நீங்களே அளந்து எழுதி வையுங்கள். பழைய 40 ஆம்பியர் ஆல்டர்னேட்டரில் ஹெட்லைட், ரேடியேட்டர் விசிறி, பெட்ரோல் பம்ப், இக்னிஷன் எல்லாம் சேர்ந்தாலே 30 ஆகிவிடும். ஐடிலில் அது பாதிகூடத் தராது. எல்லாவற்றையும் போட்டு, எஞ்சினை ஐடிலில் விட்டு, பேட்டரி முனையில் வோல்ட் பாருங்கள். 13-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி கரைகிறது. எஞ்சினை அணைத்துவிட்டு 45 ஆம்பியர் மணியுள்ள என்எஸ் 60 பேட்டரியில் 10 ஆம்பியர் இழுத்தால் இரண்டு மணி நேரத்தில் பாதி காலி, அதற்குமேல் ஸ்டார்ட் எடுக்காது.

பேட்டரி நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 25 ஆம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து 4 சதுர மி.மீ. வயர், நான்கு கால் ரிலே, அதன்பின் புளோவருக்கு 20, பம்புக்கு 5 ஆம்பியர் என்று தனித்தனி ஃபியூஸ். ரிலேயின் கால்களில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள்: 30-க்குப் பேட்டரி, 87-க்குச் சுமை, 86-க்குச் சாவி போட்டால் வரும் மின்சாரம் ஒரு சுவிச் வழியாக, 85-க்கு பாடி. சாவியை எடுத்தால் எல்லாம் அணைந்துவிடும். கழற்றும் இடத்தில் 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக் வையுங்கள். அதிரும் சாலையில் சிகரெட் லைட்டர் பிளக் தளர்ந்து சூடேறி உருகும். எர்த்தை அருகில் இருக்கும் சாயம் பூசிய தகட்டில் மாட்டாமல், சாயம் சுரண்டிய சேசிஸ் போல்ட்டில் மாட்டுங்கள்.

வீட்டுப் போர்ட்டபிள் ஏர்கோனை இன்வெர்ட்டரில் ஓட்டும் யோசனையும் அடிக்கடி வரும். 1 குதிரைத் திறன் யூனிட் 1000 வாட் எடுத்தால் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 95 ஆம்பியர். தொடங்கும் நொடியில் அதைவிடப் பல மடங்கு. போதாததற்கு ஒற்றைக் குழாய் வகை, கேபின் காற்றையே வெளியே ஊதுவதால் உள்ளே அழுத்தம் குறைந்து எக்சாஸ்ட்டை இழுக்கும். 40 ஆம்பியர் ஆல்டர்னேட்டருள்ள காடிக்கு இது ஆகாது.

ஓட்டிப் பார்த்துக் கோளாறு பிடிப்பது

இரண்டு மலிவான வெப்பமானி வாங்கி ஒன்றைப் புளோவர் வாயிலும் மற்றதைக் குளிர்க்காற்று வாயிலும் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் வித்தியாசம் 10 டிகிரியை எட்டவேண்டும். எட்டாவிட்டால் கோருக்குப் போகும் குழாயையும் திரும்பும் குழாயையும் கையால் தொடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி சில்லிட்டு, காற்று மட்டும் சூடாக வந்தால், காற்று கோரைச் சுற்றி நழுவுகிறது. போகும் குழாய் சில்லென்று, திரும்புவது வெதுவெதுப்பாக இருந்தால் தண்ணீர் ஓட்டம் குறைவு: நெட்டுத் துணியையும் சொடுக்கு இணைப்பையும் பாருங்கள். இரண்டுமே சூடு, பம்ப் மட்டும் உறுமுகிறதென்றால் காற்றுக் குமிழி. திரும்பும் குழாயைக் கழற்றித் தாழ்த்திப் பிடித்தால் குமிழி கக்கிவிட்டு ஓடத் தொடங்கும்.

முன் கண்ணாடி மூடிக்கொண்டால் எந்தப் பக்கம் என்று விரலால் தேய்த்துப் பாருங்கள். வெளிப்பக்கம் என்றால் குளிர்க்காற்று கண்ணாடியில் படுகிறது, வாயைத் திருப்புங்கள், வைப்பரைப் போடுங்கள். உட்பக்கம் என்றால் மூச்சின் ஈரம், வெளிக்காற்றைத் திறந்துவிடுங்கள். மழையில் இது சில வினாடியில் நடக்கும். மடலின் கைப்பிடி ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கதவே இல்லாத பக்கிக்கு இதெல்லாம் வீண், ஊதும் குளிர் அடுத்த நொடியே காட்டுக்குப் போய்விடும். அதே ஐஸ் பெட்டியையும் பம்பையும் வைத்து, பந்தய ஓட்டிகள் அணியும் குளிர்சட்டையைச் செய்துகொள்ளுங்கள். இறுக்கமான பனியனின் நெஞ்சிலும் முதுகிலும் 4 மி.மீ. உள்விட்டமுள்ள மென்குழாயை 12 மீட்டர் அளவுக்குப் பாம்புபோல் வளைத்துத் தையுங்கள். ஒரே குழாயாக விடாமல் 4 மீட்டர் கொண்ட மூன்று கிளையாகப் பிரித்தால்தான் சின்ன பம்ப் தள்ளும். காற்றைக் குளிர்விக்கும் செலவு இல்லாததால் 5 கிலோ ஐஸ் மூன்று மணி நேரம் வரை தாங்கும். தோலுக்குச் சுருக்கென்று இருந்தால் தண்ணீர் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

வீடு திரும்பியதும் சொடுக்கு இணைப்புகளைக் கழற்றி, பெட்டித் தண்ணீரைக் கொட்டி, மூடியைத் திறந்து கவிழ்த்து வையுங்கள். அதற்கு முன் புளோவரை வெறுமனே பத்து நிமிடம் ஓடவிட்டால் கோர் காய்ந்துவிடும், அடுத்த முறை பூஞ்சை நாற்றம் வராது. வடிதட்டில் கொஞ்சம் தண்ணீர் தங்கினாலும் ஒரு வாரத்தில் ஏடிஸ் கொசு வளர்ந்து பறக்கும். தட்டைத் துணியால் துடைத்து, வடிகுழாயை வாயால் ஊதாமல் சைக்கிள் பம்பால் ஊதிவிடுங்கள். காற்றுத் துளைகளின் மூடித்தகட்டை மாட்டி நான்கு விங் நட்டையும் இறுக்குங்கள்.